பெல்லட் அடுப்புக்குச் சரியான பெல்லட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மரத்தூளை அழுத்திச் செய்த சிறு உருளைகளே பெல்லட். அதை எரிக்கும் அடுப்பு வாங்கிய முதல் குளிர்காலத்தில் கண்ணாடி இரண்டே நாளில் கறுத்துப் போகும். பெல்லட் எரியும் சிறு கிண்ணமான எரிகிண்ணத்தில் கல்லைப் போல ஒரு கட்டி உட்கார்ந்துகொள்ளும். நடுராத்திரியில் அடுப்பு தானாக அணைந்து, திரையில் ஏதோ ஒரு பிழை எண் காட்டும். அடுப்பில்தான் கோளாறு என்று நினைத்து உடனே பழுது பார்ப்பவரை அழைக்கத் தோன்றும். அதற்கு முன், அடுப்பைச் சுத்தம் செய்துவிட்டு வேறு பெல்லட்டில் இரண்டு மூட்டை எரித்துப் பாருங்கள். பல வீடுகளில் தொல்லை அதோடு நின்றுவிடும்.

எந்தப் பெயர் நல்ல பெயர் என்று விசாரிப்பதைவிட உங்கள் அடுப்பில் எது நன்றாக எரிகிறது என்று அளந்து பார்ப்பது பயன் தரும். அதற்குச் சமையலறைத் தராசு, சல்லடை, ஒரு லிட்டர் பாத்திரம் ஆகிய மூன்றும் போதும்.

பெல்லட் என்பது என்ன, அடுப்பு அதை எப்படி அளக்கிறது

மரத்தூளையும் இழைப்புளிச் சுருள்களையும் உலர்த்தி, பொடித்து, துளையுள்ள எஃகு அச்சில் மிகுந்த அழுத்தத்தில் தள்ளினால் வருவதே பெல்லட். அழுத்தத்தில் எழும் சூட்டில், மரத்திலேயே உள்ள லிக்னின் என்ற இயற்கைப் பசை இளகி, ஆறும்போது இறுகித் தூளைப் பிடித்துக்கொள்கிறது. நல்ல பெல்லட்டின் மேல் தெரியும் மினுமினுப்பு அதுதான். வேறு பசை தேவையில்லை. மாவுச்சத்து போன்ற சேர்மானம் சேர்த்தாலும் எடையில் 2 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது மர பெல்லட்டுக்கான சர்வதேசத் தரவிதி ஐஎஸ்ஓ 17225-2.

இனிச் சொல்வது புரிந்தால் மற்றதெல்லாம் எளிது. பெல்லட் கொட்டும் தொட்டியிலிருந்து எரிகிண்ணத்துக்கு எரிபொருளைக் கொண்டுபோவது ஒரு திருகு. அது சில நொடி சுற்றும், சில நொடி நிற்கும். ஒவ்வொரு சுற்றிலும் திருகின் மடிப்புகளுக்குள் எவ்வளவு அடங்குகிறதோ அவ்வளவு விழும். அதாவது, அடுப்பு எடையை அளப்பதில்லை, படியால் அளப்பதுபோல் கொள்ளளவைத்தான் அளக்கிறது. லிட்டருக்கு 600 கிராம் நிற்கும் பெல்லட்டையும் 700 கிராம் நிற்கும் பெல்லட்டையும் ஒரே அமைப்பில் ஓட்டினால், இரண்டாவதில் ஆறில் ஒரு பங்கு எரிபொருள் கூடுதலாக விழும். காற்று மட்டும் பழைய அளவிலேயே வந்தால் தீ மூச்சுத் திணறும், கண்ணாடியில் கரி படியும். நீளமும் இப்படித்தான். குட்டையான பெல்லட் நெருக்கமாக அடங்கும். நீளமானவை குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்து இடைவெளி விடும், அதனால் குறைவாக விழும். ஒரே விலையில், ஒரே தரக் குறியோடு வந்த இரண்டு மூட்டைகள் உங்கள் அடுப்பில் வேறு வேறு மாதிரி எரிவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

படி 1: அடுப்பின் கையேட்டைத் திறங்கள்

அதில் நான்கு விஷயம் தேடுங்கள்: பெல்லட்டின் விட்டம், அதிகபட்ச நீளம், கேட்கும் தர வகுப்பு, எரிக்கக் கூடாதவற்றின் பட்டியல். வீட்டு அடுப்புகளில் பெரும்பாலானவை 6 மி.மீ. விட்டத்துக்குச் செய்யப்பட்டவை. வட அமெரிக்காவில் கால் அங்குலம் என்பார்கள், கிட்டத்தட்ட அதே அளவுதான். 8 மி.மீ. பெல்லட் பொதுவாகப் பெரிய கொதிகலன்களுக்கானது. அதைச் சிறிய திருகில் போட்டால் சிக்கிக்கொள்ளும். கையேடு ஏ1 வகுப்பு (வீட்டு பெல்லட்டின் உயர்ந்த தர வகுப்பு) என்று கேட்டிருக்க நீங்கள் வேறு எதையாவது எரித்தால், பழுது வரும் நாளில் உத்தரவாதம் கைகொடுக்காமல் போகலாம்.

படி 2: மூட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள்

முன்பக்கப் படங்களும் "முதல்தரம்" போன்ற சொற்களும் எதையும் நிரூபிப்பதில்லை. பின்பக்கத்து எண்கள்தான் பேசும். ஏ1 வகுப்புக்கு ஐரோப்பாவில் எதிர்பார்க்கும் அளவுகள் இவை:

விட்டம் 6 அல்லது 8 மி.மீ., கூடக் குறைய 1 மி.மீ.
நீளம் 3.15 முதல் 40 மி.மீ. வரை
ஈரப்பதம் 10 சதவீதத்துக்குள்
சாம்பல் 0.7 சதவீதத்துக்குள்
மூட்டையில் தூள் 0.5 சதவீதத்துக்குள்
ஒரு லிட்டர் எடை 600 முதல் 750 கிராம் வரை
வெப்பம் கிலோவுக்குக் குறைந்தது 4.6 கிலோவாட் மணி

கடைசி அளவு, மின்கட்டணத்தில் நாம் யூனிட் என்று சொல்வதேதான். ஒரு கிலோ பெல்லட்டில் நாலரை யூனிட்டுக்கு மேல் வெப்பம் இருக்கிறது. இரண்டு கிலோ ஏறக்குறைய ஒரு லிட்டர் சூடாக்கும் எண்ணெய்க்குச் சமம்.

ஏ2 வகுப்பில் சாம்பல் 1.2 சதவீதம் வரையும், பி வகுப்பில் 2 சதவீதம் வரையும் போகலாம். வட அமெரிக்காவில் பெல்லட் தொழில் அமைப்பான பிஎஃப்ஐயின் முத்திரை பார்ப்பார்கள். அதில் பிரீமியம் என்பதற்குச் சாம்பல் 1 சதவீதத்துக்குள், ஈரம் 8 சதவீதத்துக்குள். அதே முத்திரையின் ஸ்டாண்டர்டு வகுப்பில் சாம்பல் 2 சதவீதம் வரை.

சாம்பல் 0.7 என்றால் என்ன, 1.2 என்றால் என்ன, அரை சதவீதம்தானே என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள்: ஒரு டன் எரித்தால் முதலாவதில் 7 கிலோ, இரண்டாவதில் 12 கிலோ. அந்த ஐந்து கிலோவும் எரிகிண்ணத்தின் துளைகள், வெப்பம் மாற்றும் குழாய்கள், புகைப்போக்கி வழியாகத்தான் போயாக வேண்டும்.

இஎன்பிளஸ் என்ற ஐரோப்பியத் தரச்சான்று முத்திரை இருந்தால், அதோடு நாட்டின் இரண்டெழுத்துக் குறியும் மூன்று இலக்க எண்ணும் சேர்ந்த அடையாள எண் கட்டாயம் இருக்கும். அந்த எண்ணை இஎன்பிளஸ் இணையதளப் பட்டியலில் தேடி, அதே நிறுவனத்தின் பெயர் வருகிறதா என்று பாருங்கள். எண் இல்லாமல் முத்திரை மட்டும் இருந்தால் வாங்க வேண்டாம். டின்பிளஸ் என்பதும் நம்பத்தக்க சான்றுதான், அதிலும் பதிவெண் இருக்கும்.

வெப்பத்துக்கென்று செய்யாத பெல்லட்டுகளும் இதே தோற்றத்தில் விற்கின்றன. குதிரை லாயத்தில் பரப்புவதும், பூனை மணலுக்குப் பதில் போடுவதும், இறைச்சி சுடும் அடுப்புக்கான மணமூட்டிய பெல்லட்டும் வேறு வேறு பொருள்கள். வைக்கோல், சூரியகாந்தித் தோல் பெல்லட்டுகளில் சாம்பல் பல மடங்கு கூடுதல், அது குறைந்த சூட்டிலேயே உருகிக் கட்டியாகும். அதற்கென்று செய்த அடுப்பு இல்லையென்றால் தொடாதீர்கள்.

எந்த மரம்?

புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். ஊசியிலை மரங்களில் பிசின் இருப்பதால் புகைப்போக்கியில் தார் படியும் என்ற பயம் விறகு அடுப்புக் காலத்தில் வந்தது. பெல்லட் நன்றாக உலர்ந்தது, அடுப்பில் விசிறி காற்றைத் தள்ளுகிறது, அதனால் பிசினும் எரிந்து வெப்பமாகிவிடுகிறது. எடைக்கு எடை பார்த்தால் ஊசியிலை மரம் சற்றுக் கூடுதல் வெப்பமே தரும், சாம்பலும் பெரும்பாலும் குறைவு. அகன்ற இலை மரங்களில் சாம்பல் சற்று கூடும். கலப்பும் கெடுதல் இல்லை, விகிதம் ஒவ்வொரு மூட்டைக்கும் மாறாமல் இருந்தால் சரி.

நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். பட்டை உரித்த ஊசியிலை மரம் வெளிறித் தெரியும். உலர்த்திய சூடு கூடினால் அதே மரம் பழுப்பாகும். கவனிக்க வேண்டியது பட்டை. மரப்பட்டையில் மணலும் மண்ணும் ஒட்டியிருக்கும், பொட்டாசியமும் கூடுதல். எரிகிண்ணத்தில் கல் கட்டுவதற்கு இவை இரண்டும்தான் முதல் காரணம். மணலில் உள்ள சிலிக்கா தனியாக அவ்வளவு எளிதில் உருகாது. பொட்டாசியம் சேர்ந்தால் உருகும் வெப்பநிலை இறங்கிவிடும், கண்ணாடி செய்வதைப் போலத்தான். ஏ1 வகுப்பில் சாம்பல் 1,200 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இளகக் கூடாது என்று விதி வைத்திருப்பது இதனால்தான்.

படி 3: கொஞ்சமாக வாங்குங்கள்

ஒரு டன் மலிவாகக் கிடைக்கிறது என்று முதலிலேயே இறக்கிவிட்டு, பிறகு அது அடுப்புக்கு ஒத்துவராமல் குளிர்காலம் முழுக்கச் சுரண்டிக்கொண்டிருப்பது வேண்டாம். இரண்டு அல்லது மூன்று வகைகளில் ஒவ்வொன்றிலும் மூன்று மூட்டை வாங்குங்கள். மூட்டையில் அச்சிட்ட தேதியையோ தொகுதி எண்ணையோ குறித்துக்கொள்ளுங்கள். பிடித்துப்போனால் அதே தொகுதியில் மீதியைக் கேட்கலாம்.

கடையில் மூட்டையைத் தூக்கி, ஒரு மூலையைக் கீழாகப் பிடித்துப் பாருங்கள். அடி மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு மேல் தூள் தெரிந்தால் அடுத்த மூட்டையைப் பாருங்கள். எல்லாவற்றிலும் அப்படியே இருந்தால், அழுத்தம் போதாமல் செய்ததாக இருக்கலாம், அல்லது வழியில் தூக்கிப் போட்டு உடைத்திருப்பார்கள். உறையின் உள்ளே நீர்த்துளி தெரிந்தால் கண்டிப்பாக வேண்டாம்.

படி 4: வீட்டில் எடை போடுங்கள்

முதலில் தூள். 15 கிலோ மூட்டை முழுவதையும் வீட்டுக்கு வெளியே, மூக்கை மூடிக்கொண்டு, மூன்று மி.மீ. கண் உள்ள சல்லடையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சலியுங்கள். அழுத்தித் தேய்க்காதீர்கள், தேய்த்தால் புதுத்தூள் உண்டாகும். கீழே விழுந்ததை எடை போடுங்கள். 0.5 சதவீதம் என்றால் 75 கிராம். வண்டியில் வந்து இறங்கிய மூட்டைக்கு 100 கிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம். 150ஐத் தாண்டினால் அந்த வகையை விட்டுவிடுங்கள். தூள் என்றால் அழுக்கு என்பதோடு போகவில்லை: அது தொட்டியின் அடியில் படிந்து திருகுக்குப் பெல்லட் வராமல் தடுக்கும், கிண்ணத்தில் விழுந்தால் துளைகளை அடைக்கும், நல்ல பெல்லட் சரியாக எரிவதையும் கெடுக்கும்.

அடுத்தது லிட்டர் எடை. ஒரு லிட்டர் பாத்திரத்தில் ஒரு சாண் உயரத்திலிருந்து கொட்டி, தட்டாமல், மேலே குவிந்ததை ஒரு குச்சியால் வழித்துவிட்டு எடை போடுங்கள். மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். பாத்திரம் சிறிதென்பதால் உண்மையைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும், பரவாயில்லை. உங்களுக்குத் தேவை ஒரு வகைக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசம். இந்த எண்ணை எழுதி வையுங்கள், அடுப்பைத் திருத்தும்போது வேண்டும்.

ஒரு கைப்பிடி எடுத்து விரித்து வைத்து நீளத்தையும் பாருங்கள். பெரும்பாலானவை 10 முதல் 25 மி.மீ.க்குள் இருந்தால் திருகு சீராக ஓடும். 40ஐத் தாண்டியவை அடிக்கடி தென்பட்டால், அவை தொட்டியின் வாயில் பாலம் கட்டி நிற்கும். தொட்டி பாதி நிறைந்திருக்கும்போதே அடுப்பு "எரிபொருள் இல்லை" என்று சொல்வது இந்தப் பாலத்தால்தான். ஒன்றை ஒடித்துப் பாருங்கள்: படக்கென்று ஒடிய வேண்டும். நசுங்கி உதிர்ந்தால் ஈரம் ஏறியிருக்கிறது.

பிறகு பத்துப் பெல்லட்டை ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் போடுங்கள். நன்கு அழுத்திய பெல்லட் மூழ்கும். சற்று நேரத்தில் ஊதி, உதிர்ந்து, சாதாரண மரத்தூளாகிவிடும். அந்தக் கூழை விரலால் கலக்கி, மெதுவாக மேல்நீரை வடித்துவிட்டு அடியில் என்ன நிற்கிறது என்று பாருங்கள். கரகரவென்று மணல் தட்டினால் அது நாளை எரிகிண்ணத்தில் கல்லாகும். கறுப்புத் துணுக்குகள் பட்டை. நீலமோ சிவப்போ வெள்ளையோ தென்பட்டால் சாயம் பூசிய பழைய மரம் கலந்திருக்கலாம், அதை வீட்டுக்குள் எரிக்கக் கூடாது.

படி 5: எரித்துப் பாருங்கள்

ஒவ்வொரு வகையையும் தனித்தனியே எரிக்க வேண்டும். தொட்டியில் பழையது மிச்சம் இருக்கும்போது புதியதைக் கொட்டினால் எதன் குணம் எது என்று தெரியாது. அடுப்பு முழுக்க ஆறியபின் கிண்ணம், சாம்பல் தட்டு, கண்ணாடி எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, ஒரு மூட்டையை நடுத்தர வேகத்தில் முடியும்வரை ஓட்டுங்கள். தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் குறித்துக்கொள்ளுங்கள்.

அரைமணி நேரம் கழித்துத் தீயைப் பாருங்கள். நல்ல தீ வெளிர் மஞ்சளாக, துடிப்பாக, நுனி தெளிவாக இருக்கும். கிண்ணத்தில் பெல்லட்டுகள் லேசாகத் துள்ளும். செம்மஞ்சளாக, சோம்பலாக நீண்டு, நுனியில் கரும்புகை விட்டால் காற்று போதவில்லை அல்லது எரிபொருள் மிகுதி. குட்டையாக, வெள்ளையாகச் சீறி, எரியாத பெல்லட்டையே கிண்ணத்திலிருந்து தெறிக்க வைத்தால் காற்று அதிகம்.

அணைத்து, ஓர் இரவு ஆறவிட்டு, சாம்பலைத் திரட்டி எடை போடுங்கள். 15 கிலோவுக்கு ஏ1 வகுப்பின் உச்ச வரம்பு 105 கிராம், ஏ2 வகுப்பில் 180. வீட்டில் கொஞ்சம் புகையோடு பறந்துவிடும், கொஞ்சம் கரி எரியாமல் நிற்கும், ஆகவே கிராம் கணக்கில் பிடிவாதம் வேண்டாம். நிறத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் எடைக்கு அர்த்தம். வெளிறிய சாம்பல் நிறத்தில், பொடியாக, ஆனால் நிறைய இருந்தால் குறை பெல்லட்டில். கறுப்பாக, நறநறவென்று, விரலில் பிடித்தால் கரி ஒட்டினால் குறை காற்றில், அதை அடுப்பு அமைப்பில் திருத்தலாம். கிண்ணத்தின் அடியில் கெட்டியான கட்டி இருந்தால் உடைத்துப் பாருங்கள்: உள்ளே கண்ணாடி மாதிரி பளபளத்தால் சாம்பல் உருகியிருக்கிறது, அந்த வகை வேண்டாம்.

ஒரு நாள் எரித்தபின் கண்ணாடியில் மெல்லிய சாம்பல் நிறப் படலம் இருப்பது இயல்பு, உலர்ந்த துணியில் போய்விடும். வழவழப்பான கறுப்பு என்றால் மூச்சுத் திணறிய தீ.

எந்த வகையைப் போட்டாலும் கறுக்கிறது என்றால் பெல்லட்டைக் குறை சொல்லாதீர்கள். கதவின் கயிற்றுப் பட்டை தேய்ந்து காற்று தப்பான வழியில் நுழைகிறதா, புகைக்குழாய் அடைத்திருக்கிறதா, கிண்ணம் அதன் இடத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

படி 6: தேர்ந்த பெல்லட்டுக்கு அடுப்பைத் திருத்துங்கள்

பல அடுப்புகளில் பெல்லட் அளவையும் காற்றின் அளவையும் கூட்டிக் குறைக்கப் பயனருக்கே ஒரு வசதி உண்டு. லிட்டர் எடை முன்பு எரித்ததைவிடக் கூடியிருந்தால் பெல்லட் அளவை ஒரு படி குறையுங்கள், குறைந்திருந்தால் ஒரு படி கூட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி அரைமணி காத்திருங்கள். இரண்டையும் ஒன்றாகத் திருப்பினால் எது வேலை செய்தது என்று தெரியாமலே போகும். கடவுச்சொல் கேட்கும் உள்பட்டியலைத் தொழில்நுட்பருக்கு விட்டுவிடுங்கள்.

எவ்வளவு வாங்குவது, எங்கே வைப்பது

சோதனையில் குறித்த நேரமே கணக்குக்குப் போதும். 15 கிலோ மூட்டை 14 மணி நேரம் வந்தது என்று வையுங்கள். மணிக்கு ஏறக்குறைய 1.07 கிலோ. நாளுக்கு 10 மணி, 150 நாள் என்றால் 1,600 கிலோ, அதாவது 107 மூட்டை. கடுங்குளிருக்குப் பத்து சதவீதம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெல்லட்டுக்கு ஈரம்தான் பகை. ஊறிய பெல்லட் திருகுக்குள் ஊதி, பிறகு காய்ந்து சிமெண்ட் போல் இறுகிவிடும், திருகைக் கழற்றாமல் எடுக்க முடியாது. மூட்டை உறைகளில் காற்று போகச் சிறு துளைகள் இருப்பது வழக்கம், ஆகவே பிளாஸ்டிக் உறை இருக்கிறதே என்று வெளியில் போடாதீர்கள். தரையிலிருந்து உயர்த்திய மரச்சட்டத்தில், சுவரைத் தொடாமல், கூரைக்குக் கீழ் அடுக்குங்கள். மூட்டையை எறியாமல் இறக்குங்கள், ஒவ்வொரு விழுகையும் தூளாகும்.

உறையில்லாமல் மொத்தமாக ஒரு அறையில் கொட்டிவைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பெல்லட் குவியலிலிருந்து கார்பன் மோனாக்சைடு வெளியாகும், புதிதாகச் செய்த பெல்லட்டில் அது கூடுதல். அந்த வாயுவுக்கு நிறமும் மணமும் இல்லை. மூடிய கிடங்குகளுக்குள் நுழைந்தவர்கள் இறந்திருக்கிறார்கள். காற்றோட்டம் வைத்து, உள்ளே போகும் முன் நன்கு திறந்துவிட்டு, வெளியே ஒருவரை நிறுத்திவிட்டே நுழையுங்கள். அடுப்பிருக்கும் அறையில் கார்பன் மோனாக்சைடு எச்சரிப்பான் இருக்க வேண்டும்.

செய்யக் கூடாதவை

அடுப்பு பற்றாமல் போனால் மறுபடி பொத்தானை அழுத்துவதற்கு முன் கிண்ணத்தைக் காலி செய்யுங்கள். பற்றாத பெல்லட் இரண்டு மடங்காகக் குவிந்து, தீயில்லாமல் புகைந்து, அந்தப் புகை வாயு ஒரே நேரத்தில் பற்றினால் கண்ணாடி உடையும் அளவுக்கு வெடிக்கும். கிண்ணம் வெண்புகையால் நிறைந்திருப்பதைக் கண்டால் கதவைத் திறக்காதீர்கள். மின் இணைப்பையும் துண்டிக்காதீர்கள், புகையை வெளியே இழுக்கும் விசிறி ஓடட்டும்.

கிண்ணத்திலிருந்து எடுத்த பெல்லட்டை வீணாக்க மனமில்லாமல் தொட்டியில் திரும்பக் கொட்டுவது ஆபத்து. கண்ணுக்குத் தெரியாத ஒரு கனல் போதும். அதேபோல் சாம்பலை வீட்டுத் தூசு உறிஞ்சியால் சூட்டோடு இழுக்காதீர்கள். மூடியுள்ள உலோக வாளியில் போட்டு, எரியாத தரையில் வெளியே வைத்து, ஒரு நாளாவது கழித்துக் கொட்டுங்கள்.

மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை தொட்டியை முழுதும் காலியாக ஓடவிட்டு, அடியில் படிந்த தூளை எடுத்துவிடுங்கள். கடைசி மூட்டையைக் கொட்டும்போது அடியில் நிற்கும் தூளைத் தொட்டிக்குள் தட்டிவிடாமல் உறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆலைகள் மரம் வாங்கும் இடத்தை மாற்றும், அதனால் சென்ற ஆண்டு அருமையாக எரிந்த அதே பெயர் இந்த ஆண்டு வேறு மாதிரி வரலாம். புதுச் சரக்கு வந்து இறங்கியதும் முதல் மூட்டையைச் சலித்து, லிட்டர் எடை போட்டு, பழைய குறிப்போடு ஒப்பிட்டுவிட்டு மற்றவற்றை அடுக்குங்கள். உறை பிரிக்காத மூட்டைகளைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று வாங்கும்போதே கேட்டு, ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.